அட்டாரி 130எக்ஸ்இ-யில் ரேம் டிஸ்க் தெரியவில்லை: சிப்பைக் கழற்றும் முன்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: போலந்தில் ஒரு பழம்பொருள் சந்தையில் 1980-களின் வீட்டுக் கணினியான அட்டாரி 130எக்ஸ்இ வாங்கியிருக்கிறீர்கள், 128 கேபி ரேம் என்று சொல்லி விற்றார்கள், ஆனால் பேசிக் மொழியில் காலி நினைவகம் எவ்வளவு என்று ஃப்ரெ(0) கேட்டால் 32 ஆயிரத்துச் சொச்சம்தான் காட்டுகிறது, கூடுதல் ரேமையே டிஸ்க் டிரைவ் போல நடத்தும் ரேம் டிஸ்க்கான டி8-க்கு எதையாவது சேமிக்கப் போனால் பிழை 160 வருகிறது, ஆகவே கூடுதல் ரேம் சிப்கள் செத்துவிட்டன, எட்டையும் மாற்றிவிடலாமா என்கிறீர்கள். இதில் உண்மையில் மூன்று கேள்விகள் கலந்து கிடக்கின்றன. பேசிக் ஏன் 128-ஐக் காட்டவில்லை, டிஸ்க்குகளைக் கையாளும் மென்பொருளான டாஸ் ஏன் ரேம் டிஸ்க்கை உருவாக்கவில்லை, சிப்கள் நல்ல நிலையில் இருக்கின்றனவா. முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் சம்பந்தமே இல்லை. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் சம்பந்தம் இருக்கலாம், ஆனால் நான் பார்த்த வரையில் பாதிக்கு மேற்பட்ட தடவை இருப்பதில்லை. அதனால் சால்டரிங் அயனை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள்.

ஃப்ரெ(0) விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 6502 பிராசஸருக்கு 16 பிட் முகவரிதான். ஒரே நேரத்தில் 65536 பைட்டுக்கு மேல் அதற்குக் கண் தெரியாது. அதற்குள்ளேயே ஆபரேட்டிங் சிஸ்டம் ரோம், பேசிக் ரோம், திரை, டாஸ் எல்லாம் இடம் பிடித்துக்கொள்கின்றன. டிரைவ் எதுவும் மாட்டாமல் போட்டால் 37902 காட்டும், டாஸ் ஏறியபின் 32 ஆயிரத்துக்கு இறங்கும். 64 கேபி உள்ள 65எக்ஸ்இ-யிலும் இதே எண்கள்தான் வரும். அட்டாரி பேசிக்குக் கூடுதல் 64 கேபி இருப்பதே தெரியாது. ஆக உங்கள் மெஷின் அந்த எண்ணைக் காட்டுவது முழு ஆரோக்கியம், அதை வைத்து எதையும் முடிவு கட்ட வேண்டாம்.

அப்படியானால் அந்த 64 கேபி எங்கே இருக்கிறது? ஒரு அறை, ஒரே ஒரு ஜன்னல், அதற்கு வெளியே மாற்றி மாற்றி நிறுத்தப்படும் நான்கு காட்சிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் என்பது 16384-லிருந்து 32767 வரையுள்ள 16 கேபி முகவரி. சாதாரணமாக அங்கே அடிப்படை ரேம் தெரியும். 54017 என்ற முகவரியில் சரியான எண்ணை எழுதினால் அதே இடத்தில் கூடுதல் ரேமின் நான்கு பேங்க்குகளில் (16 கேபி துண்டுகளில்) ஒன்று வந்து நிற்கும். நான்கு பதினாறு அறுபத்து நான்கு, கணக்கு சரியாகிவிட்டது. இந்த 54017 என்பது, வெளிக் கம்பிகளை இயக்கும் பிஐஏ என்ற சிப்பின் பி போர்ட். 1979-ல் வந்த அட்டாரி 400, 800 மாடல்களில் முன்பக்கம் நான்கு ஜாய்ஸ்டிக் சொருகும் இடங்கள் இருந்தன, மூன்றாவதும் நான்காவதும் இந்த போர்ட்டில்தான் தொங்கின. பிறகு வந்த எக்ஸ்எல் வரிசையில் அவற்றை எடுத்துவிட்டு, சும்மா கிடந்த கம்பிகளை நினைவகத்தை மாற்றப் பயன்படுத்திக்கொண்டார்கள். மூன்றாவது ஜாய்ஸ்டிக்கைத் தேடி இந்த போர்ட்டைக் கிளறும் பழைய கேம்கள் சில எக்ஸ்எல், எக்ஸ்இ மெஷின்களில் படுத்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது பிழை 160. அட்டாரி டாஸில் அதற்கு அர்த்தம் டிரைவ் எண் தவறு என்பதுதான். ரேம் கெட்டுவிட்டது என்று அது சொல்லவில்லை, டி8 என்று ஒரு டிரைவ் இருப்பதாகவே டாஸுக்குத் தெரியாது என்று சொல்கிறது. இரண்டும் வேறு. டாஸ் 2.5-ல் ரேம் டிஸ்க் தானாக முளைப்பதில்லை. பூட் ஆகும் டிஸ்க்கில் ரேம்டிஸ்க்.காம் என்ற ஃபைல் இருக்க வேண்டும். பூட் ஆகும்போது டாஸ் அதைத் தேடும், கிடைத்தால், மெஷினில் கூடுதல் ரேமும் இருந்தால், டி8 உருவாகும், டாஸ் மெனு இருக்கும் டப்.சிஸ் ஃபைல் அங்கே நகலாகும். ஃபைல் இல்லையென்றால் சத்தமே இல்லாமல் விட்டுவிட்டு பேசிக்குக்கு வந்துவிடும். கூடுதல் ரேமைத் தன் சொந்த வேலைக்கு எடுத்துக்கொள்ளும் மென்பொருள்கள் இருந்ததால், ரேம் டிஸ்க் வேண்டாம் என்றால் இந்த ஃபைலை அழிக்கவோ பெயர் மாற்றவோ செய்வது அன்றைக்கு எல்லோரும் செய்த காரியம். யாரோ 1987-ல் பெயர் மாற்றி வைத்த டிஸ்க்கின் இமேஜ் (டிஸ்க்கை அப்படியே எடுத்த நகல்) இன்று உங்கள் எஸ்டி கார்டில் வந்து உட்கார்ந்திருக்கலாம். பழைய டாஸ் 2.0எஸ் என்றால் பேச்சே இல்லை, அது 130எக்ஸ்இ பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்டது, அதற்கு பேங்க் என்றால் என்னவென்றே தெரியாது.

இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை, நானே பட்டிருக்கிறேன். நான் முதலில் வாங்கிய 130எக்ஸ்இ-யில் இதே பிழை 160 வந்தது. போர்டை வெளியே எடுத்து, இரண்டு ராத்திரி உட்கார்ந்து, எட்டு சிப்பையும் உறிஞ்சிக் கழற்றி, சாக்கெட் போட்டு, புதுசு மாட்டி, போட்டால் மறுபடியும் 160. அப்புறம்தான் டைரக்டரியைப் பார்த்தேன். ஃபைல் பெயர் ரேம்டிஸ்க்.எக்ஸ்எக்ஸ்எக்ஸ். கழற்றிய எட்டு சிப்பையும் பிறகு ஒவ்வொன்றாகச் சோதித்தேன், எட்டும் நல்ல சிப். போர்டில் இரண்டு இடத்தில் தாமிரத் தடம் உரிந்ததுதான் மிச்சம்.

ஆக முதல் வேலை: டாஸ் 2.5-ன் தொடாத மாஸ்டர் இமேஜ் ஒன்றைப் பிடித்து, டைரக்டரியில் அந்த ஃபைல் பெயர் மாறாமல் இருக்கிறதா என்று பார்த்து, அதிலிருந்து பூட் செய்யுங்கள். ரேம் டிஸ்க் அமைந்துவிட்டதா என்பதற்குத் திரையைவிடக் காதை நம்பலாம். பேசிக்கிலிருந்து டாஸ் என்று அடித்து ரிட்டர்னைத் தட்டுங்கள். ரேம் டிஸ்க் இருந்தால் மெனு கண்ணிமைக்கும் நேரத்தில் வந்துவிடும், ஏனென்றால் டப்.சிஸ் டி8-லிருந்து ஏறுகிறது. இல்லையென்றால் ஸ்பீக்கரில் அந்தப் பழைய பீப்-பீப்-பீப் ஓடும், டிரைவின் சிவப்பு விளக்கு எரியும், நீங்கள் காத்திருப்பீர்கள். அடுத்து மெனுவில் டி8-ன் டைரக்டரியைக் கேளுங்கள். செக்டர் என்ற துண்டுக்கு 128 பைட் வீதம் 64 கேபி என்பது 512 செக்டர், அதில் பூட், டைரக்டரி, எந்த செக்டர் காலி என்ற கணக்குப் புத்தகம் போக, காலி ரேம் டிஸ்க்கில் 499 செக்டர் இருக்கும். ஏற்கெனவே ஏறியிருக்கும் ஃபைல்களின் செக்டர்களையும் காலி செக்டர்களையும் கூட்டினால் 499 வர வேண்டும். வந்தால் உங்கள் பிரச்சினை தீர்ந்தது, இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை.

வரவில்லை என்றால் டாஸை விட்டுவிட்டு மெஷினையே நேரடியாகக் கேட்போம். டிரைவின் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள், மெஷினை அணைத்து அரை நிமிஷமாவது விடுங்கள் (டைனமிக் ரேம் மின்சாரம் போனவுடனே எல்லாவற்றையும் மறந்துவிடாது, சில விநாடி பழைய எண்கள் ஒட்டிக்கொண்டிருக்கும்), பிறகு போட்டு ரெடி வந்ததும் ஒரு சின்ன ப்ரோக்ராம் அடியுங்கள். சின்னதாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். நீளமாகி 16384-ஐத் தாண்டினால், பேங்க் மாற்றும் நொடியில் ப்ரோக்ராம் தன் காலடியில் இருக்கும் தரையையே பிடுங்கிக்கொள்ளும். 54017-ல் முதலில் 225-ஐப் போக் செய்து (அந்த முகவரியில் எழுதி), 16384-ல் 100 எழுதுங்கள். பிறகு 54017-ல் 229 போட்டு 16384-ல் 101. அடுத்து 233 போட்டு 102, 237 போட்டு 103. கடைசியில் 54017-ல் 253 போட்டு (அதுதான் பேசிக் ஓடும்போது வழக்கமாக இருக்கும் எண், அடிப்படை ரேமுக்குத் திரும்பிவிட்டோம்) 16384-ல் 99 எழுதுங்கள். எல்லா எழுத்தும் முடிந்த பிறகுதான் படிக்க வேண்டும். எழுதிய கையோடு படித்தால், ரேமே இல்லாத இடத்தில்கூட கம்பிகளில் தேங்கி நிற்கும் மின்னழுத்தம் நீங்கள் எழுதிய எண்ணையே திருப்பிக் கொடுத்து ஏமாற்றும். இப்போது அதே வரிசையில் 225, 229, 233, 237, 253 என்று மாற்றிக்கொண்டே 16384-ஐப் பீக் செய்து (படித்து) அச்சடிக்கச் சொல்லுங்கள்.

வரும் ஐந்து எண்களில் கிட்டத்தட்ட முழுக் கதையும் இருக்கிறது. 100, 101, 102, 103, 99 என்று வந்தால் நான்கு பேங்க்கும் தனித்தனியாக இருக்கின்றன, அடிப்படை ரேமும் தனியாக இருக்கிறது. ஐந்தும் 99 என்றால் ஜன்னலுக்கு வெளியே காட்சி மாறவேயில்லை, எல்லா எழுத்தும் ஒரே இடத்தில் விழுந்து, கடைசியாக எழுதிய 99 மட்டும் மிஞ்சியிருக்கிறது. 64 கேபி மெஷினில் இப்படித்தான் வரும். கிழக்கு ஐரோப்பாவில் 65எக்ஸ்இ, 800எக்ஸ்இ இரண்டும் ஏராளமாகப் புழங்கின, உறை ஏறக்குறைய ஒன்று போலவே இருக்கும், பழுது பார்த்தவர் கையில் கிடைத்த மேல்மூடியைப் போட்டு மூடியிருந்தாலும் ஆச்சரியமில்லை. உள்ளே திறந்து ரேம் சிப்களை எண்ணினால் தெரிந்துவிடும். 130எக்ஸ்இ போர்டில் 4164 வகை சிப் இரண்டு அணியாகப் பதினாறு இருக்கும். எட்டுதான் இருந்தால் உங்களிடம் விற்றவரைத்தான் சோதிக்க வேண்டும், மெஷினை அல்ல.

103, 103, 103, 103, 99 என்றால் கூடுதல் ரேம் இருக்கிறது, ஆனால் எந்த பேங்க் என்று தேர்ந்தெடுக்கும் இரண்டு கம்பிகளும் (54017-ல் 4, 8 என்ற மதிப்புள்ள பிட்டுகள்) வேலை செய்யவில்லை. 102, 103, 102, 103 என்று ஜோடியாக வந்தால் மதிப்பு 8 உள்ள கம்பி மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, 101, 101, 103, 103 என்றால் மதிப்பு 4 உள்ளது. இதுவரை சொன்ன எதிலும் ரேம் சிப்பைக் குறை சொல்ல எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

சிப்தான் குற்றவாளி என்றால் எண்கள் வேறு மாதிரி கோணும். உதாரணத்துக்கு 116, 117, 118, 119, 99. ஒவ்வொன்றிலும் 16 கூடியிருக்கிறது, அடிப்படை ரேமில் கூடவில்லை. 4164 ஒவ்வொன்றும் 64 ஆயிரம் இடங்களுக்கு ஒரே ஒரு பிட்டை மட்டும் வைத்துக்கொள்ளும் சிப், எட்டு பேர் சேர்ந்துதான் ஒரு பைட். ஆக 16 என்ற பிட்டைச் சுமக்கும் சிப், கூடுதல் அணியில், எப்போதும் 1 என்றே சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆள் யார் என்று பெயர் சொல்லியே பிடித்தாயிற்று, எட்டில் ஒன்றைத்தான் தொட வேண்டும். 96, 97, 98, 99 என்று வந்தால் 4 காணாமல் போகிறது, அந்த பிட்டின் சிப் எப்போதும் 0. அந்த சிப்பா, அதற்குப் போகும் தடம் விட்டுப்போனதா என்பதை எண்களை வைத்து இங்கிருந்து சொல்ல முடியாது, அதற்கு போர்டைத்தான் பார்க்க வேண்டும்.

ஐந்து எண்ணும் சரியாக வந்து, மாஸ்டர் டிஸ்க்கிலும் ரேம் டிஸ்க் தகராறு செய்கிறது என்றால், ஒரு பைட்டை மட்டும் பார்த்தோம் என்பதை நினைவில் வையுங்கள். பேங்க் முழுவதையும் 85 எழுதிப் படித்து, பிறகு 170 எழுதிப் படிக்க வேண்டும். இருமத்தில் இவை ஒன்றுக்கொன்று நேர் எதிர், எல்லா பிட்டும் இரண்டு நிலையும் மாறிப் பார்த்துவிடும். பேசிக்கில் இது ஆமை வேகம்தான், டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம். குளிர்ந்த மெஷினில் சரியாக ஓடி, அரை மணி கழித்துச் சொதப்பும் சிப்களும் உண்டு, ஆகவே சூடான பிறகு இன்னொரு தடவை ஓட்டுங்கள்.

ஐந்தும் 99 வந்து, போர்டில் பதினாறு சிப்பும் இருந்தால், அப்போது கட்டுப்பாட்டு வழியைத் தேட வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது, அனுபவசாலிகளும் விழுவார்கள். 54017-ல் 225 எழுதிவிட்டு அதையே பீக் செய்தால் 225 வரும், உடனே பிஐஏ நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம். பிஐஏ-வின் பி போர்ட், வெளியீடாக இருக்கும் பிட்டைப் படிக்கும்போது, வெளியே காலில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை, தன் உள்ளே எழுதி வைத்ததைத்தான் திருப்பிச் சொல்லும். அதனால் மல்டிமீட்டரை எடுத்து கூடுதல் ரேமை ஜன்னலுக்குக் கொண்டுவரும் கம்பியான பிஐஏ-வின் 14-ஆம் காலை அளவெடுங்கள். 253-ல் அது ஐந்து வோல்ட் பக்கம், 225-ல் பூஜ்யத்துக்கு அருகில் இருக்க வேண்டும். பேங்க் தேர்வுக்கான கம்பிகள் 12, 13-ஆம் கால்கள். கால் அசையவில்லை என்றால் முதலில் 54019-ஐப் பீக் செய்யுங்கள், 60 வர வேண்டும். அந்த எண் மாறியிருந்தால் நீங்கள் எழுதுவது போர்ட்டுக்கே போகாமல் அதன் திசைப் பதிவேட்டில் விழக்கூடும். 60-ஆக இருந்தும் கால் அசையாவிட்டால் பிஐஏ மேல் சந்தேகப்படலாம். கால் சரியாக அசைந்தும் பேங்க் மாறவில்லை என்றால், அதற்கு அப்பால் நினைவகத்தைப் பங்கு பிரிக்கும் லாஜிக் சிப்பும், கூடுதல் அணிக்கு மட்டும் தனியாகப் போகும் காஸ் சமிக்ஞையும்தான் (நெடுவரிசை முகவரி வந்துவிட்டது என்று ரேம் சிப்புக்குச் சொல்வது) மிச்சம். அங்கே ஆசிலோஸ்கோப் இல்லாமல் தேடுவது இருட்டில் ஊசி தேடுவது மாதிரி. இருக்கும் நண்பர் யாராவது இருந்தால் பிடியுங்கள்.

இவ்வளவுக்கும் முன்னால் செய்திருக்க வேண்டியதைக் கடைசியில் சொல்கிறேன், என் மேல் தப்பு. பவர் சப்ளையை அளவெடுத்தீர்களா? எக்ஸ்இ மெஷின்களுக்கு வெளியிலிருந்து நேரே 5 வோல்ட் டிசி வருகிறது, உள்ளே அதைக் கட்டுப்படுத்த எதுவும் கிடையாது. 4.75-லிருந்து 5.25-க்குள் இருந்தால் சரி. பழைய சப்ளைகளில் உள்ளே பிசின் ஊற்றி இறுகவைத்த, கையில் எடுத்தால் செங்கல் மாதிரி கனக்கும் ஒரு வகை உண்டு. அது கெடும்போது வோல்ட்டேஜ் குறையாது, ஏறும், ஏறினால் முதலில் சாவது ரேம். அந்த வகை என்றால் அளவெடுக்கக்கூட வேண்டாம், குப்பையில் போட்டுவிட்டு நல்ல நவீன 5 வோல்ட் அடாப்டரில் சரியான டின் (வட்டமான) பிளக் வைத்துக்கொள்ளுங்கள். புது சிப் போட்டு, அதே சப்ளையில் மறுபடியும் எரித்தவர்களை எனக்குத் தெரியும்.

சிப் மாற்றித்தான் ஆக வேண்டும் என்று முடிவானால் இரண்டு விஷயம். 4164-ல் ஐந்து வோல்ட் 8-ஆம் காலில், கிரவுண்ட் 16-ஆம் காலில். சாதாரண டிடிஎல் லாஜிக் சிப்களுக்கு நேர் தலைகீழ், கைப்பழக்கத்தில் எதிலாவது தொட்டுவிடாதீர்கள். பெயர் ஒத்திருக்கிறதே என்று 4116-ஐ வாங்கிவிடாதீர்கள், அதற்கு 12 வோல்ட்டும் மைனஸ் 5 வோல்ட்டும் வேண்டும். நல்ல சிப் ஒன்றைச் சந்தேகப்பட்டதன் முதுகில் ஏற்றி, கால்கள் தொடும்படி அழுத்திப் பார்க்கும் பழைய வித்தை, கீழே இருப்பது வாயே திறக்காமல் செத்திருந்தால் பலன் தரும். எப்போதும் 1 என்றோ 0 என்றோ பிடிவாதம் பிடிக்கும் சிப் மேலே இருப்பவரையும் பேசவிடாது. ஆகவே ஏற்றி வைத்தும் சரியாகவில்லை என்பதால் அந்த சிப் நல்லது என்று விடுதலை கொடுத்துவிடாதீர்கள்.

இன்னொன்று, உங்கள் மெஷின் யாராவது நினைவகத்தைப் பெருக்கியதாக இருந்தால் மேலே சொன்ன எண்கள் போதாது. 256 கேபி, 320 கேபி என்று அன்றைக்கே ஆர்வலர்கள் ஏற்றிக்கொண்டார்கள், அவற்றில் பேங்க் தேர்வுக்கு 54017-ன் வேறு பிட்டுகளும் சேரும். 256 கேபி வகையில் ஒரு வினோதம் உண்டு. பதினாறு பேங்க் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் அதில் நான்கு வேறு வழியாக எட்டிப்பார்க்கும் அடிப்படை ரேமேதான். எழுதினால் நிற்கும், படித்தால் வரும், ஆகவே அப்பாவியாக எண்ணும் ப்ரோக்ராம் பதினாறும் இருக்கிறது என்று நம்பி, ரேம் டிஸ்க்கில் ஃபைலை எழுதும்போது பேசிக் ப்ரோக்ராமையும் டாஸையும் சேர்த்தே மிதித்துவிடும். ரேம் இருக்கிறதா என்று சோதிப்பதைவிட, இது வேறு யாருடைய நிழலும் இல்லையே என்று சோதிப்பது முக்கியமாவது இங்கேதான். நான் அந்த ஐந்தாவது 99-ஐ விடாமல் எழுதச் சொன்னதும் இதற்காகத்தான்.

சரி, என் ஊகம் கேட்டால், பிழை 160 மட்டும்தான் அறிகுறி என்றால் முதலில் டிஸ்க்கின் மேல்தான் பந்தயம் கட்டுவேன், அடுத்து அது 65எக்ஸ்இ-யாக இருக்கலாம் என்பதில், சிப் மூன்றாவது இடத்தில். ஊகம் ஊகம்தான். சப்ளை வோல்ட்டேஜ், டைரக்டரியில் ரேம்டிஸ்க்.காம் இருக்கிறதா, அந்த ஐந்து எண்கள், மூடியைத் திறந்தால் எத்தனை ரேம் சிப், இவற்றை மட்டும் இங்கே எழுதுங்கள். போர்டின் படம் ஒன்றும் போடுங்கள், இரண்டு அணியும் தெரிகிற மாதிரி. எந்த சிப் எந்த பிட் என்று போர்டுக்குப் போர்டு பார்த்துத்தான் சொல்ல வேண்டும், படம் இருந்தால் பார்த்துச் சொல்கிறேன்.